குளிசையை நிறுத்தச் சொல்வது யார்?

உம்மும்மா சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார். “இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று யாரும் கேட்பதில்லை. மறந்துவிட்டால்தான் ஏசுகிறோம். ஆனால் ஒருவர் மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்தால் மட்டும் வீட்டுக்கு வருகிற எல்லோரும் வைத்தியராகிவிடுகிறார்கள். “பழகிப்போகும், விட்டுவிடு” என்கிறார்கள். “ஈமான் குறைவு” என்று சொல்பவர்களும் உண்டு. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். என்றாலும் அது ஆபத்தான ஆலோசனை என்பதே என் கருத்து.

எங்கள் சாச்சி ஒருவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பின் இந்த வருத்தம் வந்தது. கிளினிக்கில் செர்ட்ரலின் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரமும் வயிற்றுப் பிரட்டலைத் தவிர வேறெதையும் அவர் காணவில்லை. இந்த மருந்துகள் முழுமையாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். மூன்றாம் மாதம் சாச்சி பழையபடி சிரித்தார். நோன்பும் வந்தது. “இப்போது சுகம்தானே, இனி எதற்கு?” என்று யாரோ கேட்க, ஒரே நாளில் நிறுத்திவிட்டார். சில நாட்களில் தலைச்சுற்று, தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு. “பார்த்தாயா, அடிமையாக்கிவிட்டது!” என்றார்களாம் அதே ஆட்கள்.

அது அடிமைத்தனம் அல்ல. மருந்துக்குப் பழகிய மூளையிடமிருந்து அதைத் திடீரெனப் பறித்ததன் விளைவு. அதனால்தான் வைத்தியர்கள் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். சுகம் வந்த பின்னரும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வது, வருத்தம் திரும்பி வராமலிருக்கத்தான். நோன்பு இதற்குத் தடையே அல்ல. செர்ட்ரலின் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவைதான். ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டால் இஃப்தாருக்கோ ஸஹருக்கோ நேரத்தை மாற்றித் தருவார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையும் இருக்கிறது.

எங்கள் வயதினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25 வயதுக்குக் குறைந்த சிலருக்கு முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும். அப்போது வீட்டார் அருகில் இருந்து கவனிக்க வேண்டும். அப்படி ஏதும் தெரிந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். பரீட்சைப் பயம் என்று அழும் தோழிக்குத் தன் குளிசையில் ஒன்றைக் கொடுப்பது உதவியே அல்ல.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து மகளின் கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் உம்மாமார் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதே மகள் டெங்குவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனால், “வேறு மருந்து எடுக்கிறாரா?” என்று வைத்தியர் கேட்பார். செர்ட்ரலின் போன்றவை இரத்தக்கசிவின் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. அந்த இடத்தில் “இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள்.