பிளஸ் டூவோடு பந்து நின்றுவிட வேண்டுமா?



உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், கால்பந்து ஆடும் பெண்கள் உள்ள பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "ஸ்கூல்ல ஆடினது போதும். இனிமே பந்து எதுக்கு? ஒழுங்கா காலேஜ்ல சேர்ந்து படி."

படிப்பும் பந்தும் ஒன்றாகப் போகாதா?

கால்பந்து வீராங்கனை நவோமி கிர்மாவைப் பாருங்கள். எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள். டிஃபெண்டர். அதாவது, எதிரணி ஃபார்வர்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அவள் திரும்பும் பக்கம் முன்கூட்டியே காலை நீட்டிப் பந்தைப் பறிக்கிற வேலை. கைதட்டல் எல்லாம் கோல் போட்டவருக்கே போகும். கிர்மா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கு ஆடிக்கொண்டே பட்டமும் வாங்கினார். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் கல்லூரி வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் பெயரே அவருடையதுதான். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சீ அணி அவரை ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. பெண்கள் கால்பந்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் விலை அது. கோல் போடுபவருக்கு அல்ல, தடுப்பவருக்கு!

அமெரிக்கா எங்கே, நாம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். சரி, கடலூருக்கு வருவோம். அங்கே வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். 2018-இல் தமிழகப் பெண்கள், கால்பந்தில் கொடிகட்டிப் பறக்கும் மணிப்பூரை வென்று முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் அவரும் இருந்தார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் கிடைத்தது. 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. கிளப்பும் இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது.

ஆனாலும், பிராக்டிஸ் முடிந்து இருட்டிய பிறகு காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் மகளை நினைத்து அம்மாவுக்கு வயிற்றில் நெருப்பு இருக்கும். அதை யாரும் லேசாகப் பேசக்கூடாது. ஹாஸ்டல் உள்ள கல்லூரி என்றால் அந்தக் கவலை பாதி குறையும்.

மாவட்ட, மாநில அளவில் ஆடிய சான்றிதழ்களை பீரோவில் பத்திரமாக வையுங்கள். கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அவை வேண்டும். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு.

இந்த முறை அட்மிஷன் ஃபாரம் வாங்கும்போது, "பெண்கள் ஃபுட்பால் டீம் இருக்கா? கோச் இருக்காரா?" என்றும் கேளுங்கள். பதிலை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்