கரையில் ஓர் இரவு: யாரைக் கேட்டுக் கூடாரம் அடிப்பது?

நாகர்கோவிலில் பேருந்து ஏறி முட்டத்தில் இறங்க வேண்டும். கலங்கரை விளக்கத்தடியில் தொடங்கி, கணபதிபுரம், ராஜாக்கமங்கலம் துறை, சங்குத்துறை, பள்ளம், மணக்குடி என்று கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே கிழக்கே நடந்தால் கன்னியாகுமரி. அங்கிருந்து மறுபடி பேருந்தில் நாகர்கோவில். கடலோரமாக முப்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல். சனி, ஞாயிறு விடுமுறைக்குள் அடங்கிவிடுகிற சுற்று. முதுகுப்பையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு இப்படிக் கரையோரம் நடக்க ஆசைப்படும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். நல்லதுதான். காரின் கண்ணாடி வழியாக மட்டுமே கடலைப் பார்த்து வளரும் தலைமுறை, தன் மாநிலத்தின் கரையைக் காலால் அறிவது வரவேற்க வேண்டிய காரியம்.

ஆனால் இந்த நடைக்குத் திட்டம் போடுகிறவர்கள் கூடாரத்தின் எடை, காலணியின் தரம், சூரியோதய நேரம் எல்லாம் பார்க்கிறார்கள். இரவு தங்கப்போகும் மணல் யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. பட்டா இல்லாத நிலம் என்பதால் அது ஆளில்லாத நிலம் ஆகிவிடாது. இந்தக் கேள்விக்கு நடப்பவர்கள், கரையூர்கள், அரசு மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு பொது உடன்பாட்டுக்கு வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

மலைக்கு இப்படியொரு ஏற்பாடு எப்போது வந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் பிறந்தன. 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் திறக்கப்பட்டன. முன்பதிவு, வழிகாட்டி, கட்டணம் எல்லாம் ஒழுங்காக்கப்பட்டன. வழிகாட்டிகளாக அந்தந்த மலையைச் சேர்ந்த மக்களே நடக்கிறார்கள். 1,076 கிலோமீட்டர் கடற்கரை கொண்ட மாநிலத்தில் கடலோர நடைக்கும் இப்படி ஓர் ஒழுங்கு வேண்டும். அதற்கு இன்னொரு சாவு காரணமாகக் கூடாது.

இன்னொரு சாவு என்று எழுதும்போதே கை நடுங்குகிறது. மேலே சொன்ன அதே சுற்றில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், 2024 மே 6ஆம் தேதி ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அன்று புயல் இல்லை. அந்த அலை இங்கே பிறந்ததும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பெருங்காற்று எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். காற்றும் மழையும் முன்னறிவிப்பு தராது. அமைதியாகக் கிடக்கும் கடல் திடீரென்று மணல்மேட்டைத் தாண்டி வரும். கள்ளக்கடல் என்பார்கள் மீனவர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. அது கரையில் நின்றவர்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்து, அவர்களைத் தடுக்கும் வலுவோடு இருந்ததா என்பதே அன்றும் இன்றும் கேட்க வேண்டிய கேள்வி.

பகலிலேயே இப்படி என்றால், மணலில் கூடாரம் அடித்துத் தூங்குகிறவர்களின் நிலை என்ன? குமரிக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஓத அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுத் தைரியமாக இருந்துவிட முடியாது. மார்ச் முடிந்து மே வரை இந்த நெடுந்தூர அலைகளின் காலம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கக் கடல் செப்டம்பர் வரை அடங்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையிலான நாட்கள்தான் கரையோரம் நடக்க ஏற்றவை. அப்போதும் புறப்படும் நாள் காலையில் கடல்சார் மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் காலை எடுத்து வைக்கக் கூடாது.

பொழிகளையும் சொல்ல வேண்டும். ஆறு கடலில் சேரும் வாயைக் குமரிக் கரையில் பொழி என்கிறார்கள். மழை குறைந்த மாதங்களில் கடல் மணலை ஒதுக்கி அந்த வாயை அடைத்துவிடும். உலர்ந்த மணல்மேடாகத் தெரியும். குழந்தைகூடக் கடந்துவிடலாம் என்று தோன்றும். பின்னால் ஆற்றில் நீர் ஏறினால் மணல் தானாக உடையும், அல்லது வெள்ளத்தை வடிக்க ஊர்க்காரர்களே வெட்டிவிடுவார்கள். மாலையில் கால் நனையாமல் கடந்த இடம் காலையில் கழுத்தளவு ஓட்டமாக இருக்கலாம். பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழியை நடைக்காரர்கள் மணல் வழியாகக் கடக்க முயலவே வேண்டாம், பாலம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே முன்பிருந்த பாலத்தின் கான்கிரீட் தளங்களையே சுனாமி பெயர்த்து எறிந்தது. அந்த நீரின் வலிமையை மணக்குடிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. வரைபடத்தில் ஒரே மணல் கோடாகத் தெரியும் இந்தக் கரை, நடந்து பார்த்தால் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய சுவர், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவு, மீன்பிடித் துறைமுகம் என்று ஒவ்வொன்றும் நடப்பவரை ஊருக்குள் திருப்பிவிடும். பாசி பிடித்த பாறாங்கல் மேல் முதுகுப்பையோடு தாவுவது காலை முறித்துக்கொள்ளும் வழி. ஆகவே இந்த நடை கடலோரத்தில் பாதி, வீட்டு வாசல்களில் பாதி. வலை காயும் முற்றத்தைத் தாண்டி, கருவாடு பரத்தியிருக்கும் பெண்களுக்குப் பக்கமாக நடந்து போகிறோம். அவர்கள் முகத்துக்கு நேரே, கேட்காமல், செல்போனை நீட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

விடியற்காலையில் கரமடி வலை இழுக்கும் கரையைப் பார்த்தவர்களுக்கு இடத்தின் அருமை புரியும். வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு வந்ததும், இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டமாக ஆட்கள் பிடித்து இழுப்பார்கள். வெறுங்கால். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே குரலில் ஓசை கொடுத்து, அடி அடியாகப் பின்னோக்கி நகர்வார்கள். அவர்களுக்கு முதுகுப்பக்கம் கண் இல்லை. அந்த வழியில் ஒரு கூடாரமும் அதன் முளைகளும் கயிறுகளும் இருந்தால், அல்லது முந்தின இரவு உடைத்துப் போட்ட மதுபாட்டில் இருந்தால், கிழிவது அந்தக் குதிகால். அன்றைய பாடு போகும். காயம் ஆறும்வரை வாரக்கணக்கில் பிழைப்பும் போகும்.

ஆகவே முதல் பொறுப்பு நடப்பவர்களுடையது. கூடாரம் அடிக்கும் முன் ஊரைக் கேட்க வேண்டும். குமரிக் கரையின் பெரும்பாலான மீனவ ஊர்களில் பங்குத்தந்தையும் ஊர் நிர்வாகக் குழுவும்தான் பொதுக் காரியங்களைப் பார்க்கிறார்கள். ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எங்கே தங்கலாம் என்று கேட்டால் யாரும் விரட்டப்போவதில்லை. பெரும்பாலான ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. திருப்பலியும் குடும்பமுமாக ஊருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. நகரத்தில் இருந்து வருகிறவர்களின் விடுமுறையும் அதே நாளில்தான் விழுகிறது. சனிக்கிழமை நள்ளிரவில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடுவது யாருடைய தூக்கத்தைப் பறிக்கிறது என்று யோசிக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர், அவசரத்துக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்கள், கொண்டுபோன குப்பை அத்தனையையும் திரும்பக் கொண்டுவரும் பை: இவை இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

விளக்கு விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். நடக்க ஏற்ற அதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. ஓர் ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும். கடல்பக்கத்து வெளிச்சத்தை நம்பியே குஞ்சுகள் தண்ணீரைத் தேடிப் போகின்றன. கூடார விளக்கும் நெருப்பும் எரிந்தால் அதை நோக்கித் திரும்பி, நாய்க்கும் காகத்துக்கும் இரையாகிவிடும். கரையில் தீ மூட்டும் பழக்கத்தை நடைக்காரர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஊர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒக்கிப் புயலில் 2017இல் ஆட்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் இது. வெளியாட்கள் வந்து வேடிக்கை பார்த்துப் போவதில் கரையூர் மக்களுக்கு ஆறாத வருத்தம் இருப்பது இயல்பு. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரையும் குடிகாரர்களாக எண்ணி விரட்டுவதும், தனியாக நடக்கும் பெண்களை விசாரணைக் கைதிபோலக் கேள்வி கேட்பதும் சரியல்ல. இரவு தங்க ஓர் இடத்தை ஊரே காட்டட்டும். சமூகக்கூடத்துப் பக்கம், மணல்மேட்டுக்குப் பின்னால், கழிப்பறை எட்டும் தூரத்தில். நியாயமான கட்டணம் வாங்கட்டும். அது ஊர்க் கணக்கில் சேரட்டும். மீன்குழம்பும் சோறும் ஆக்கித் தரும் பெண்கள் குழுவுக்கு அது வருமானம். கடலின் போக்கு தெரிந்த ஒருவர் வழிகாட்டியாக உடன் வந்தால் நடப்பவர்களுக்கு உயிர்க்காப்பு, அவருக்கும் ஒரு கூலி.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. முட்டம் முதல் கன்னியாகுமரி வரை இரண்டு மூன்று இடங்களைத் தங்குமிடமாக அறிவித்து, கழிப்பறையும் குடிநீரும் வைக்கலாம். முன்பதிவு செய்தவர்களின் பட்டியல் அந்தந்தக் கடலோரக் காவல் நிலையத்துக்குப் போனால், இரவு ரோந்து வரும் காவலருக்கும் நடப்பவருக்கும் சச்சரவு இருக்காது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் முன்பதிவு தானாக ரத்தாகி, பணம் திரும்பிவர வேண்டும். கட்டிய பணம் வீணாகுமே என்ற தயக்கத்திலேயே பலர் ஆபத்தான நாளில் கிளம்பிவிடக்கூடும். வனத்துறை, மீன்வளத்துறை, சுற்றுலாத்துறை, காவல்துறை நான்கும் தனித்தனியே அனுமதி கேட்கச் சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இப்போதுபோல இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். அனுமதி ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.

குமரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. கரையூர்ப் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் ஏற்கெனவே ஒரே அறையில் உட்காரும் இடம் அது. அடுத்த கூட்டத்தில் நடைக்குழுக்களையும் அழைத்து இந்தப் பொருளை எடுத்துப் பேசுங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, வரும் குளிர்காலத்தில் கரையோரம் நடக்க எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூடாரம் வாங்கும் முன் தங்கப்போகும் ஊருக்கு ஒரு போன் செய்யுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அந்த இரவை நாகர்கோவில் விடுதியில் கழித்துவிட்டுப் பகலில் மட்டும் நடங்கள்.