மரத்திற்கு எந்த மெழுகு? பளபளப்பைப் பார்த்து வாங்க வேண்டாம்

பண்ணையில் உள்ள இரும்புச் சாமான்களுக்கு எண்ணெய் போட்டுப் பேணும் வழக்கம் நம் விவசாயிகளிடம் உண்டு. மரச் சாமான்களுக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. மண்வெட்டிக் காம்பு முதல் தேனீப் பெட்டி வரை, வெடித்துப் போன பிறகே நம் கண்ணில் படுகின்றன. கடைகளில் மர மெழுகு டப்பாக்கள் பலவகை வந்துவிட்டதால், எதை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. மரம் எங்கே, எந்த வேலையில் இருக்கிறது என்று பார்த்தே மெழுகைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சில இடங்களில் மெழுகே தேவையில்லை.

மெழுகு மரத்தின் மேல் மெல்லிய போர்வையாக நின்று, நீர் ஊறுவதைத் தாமதப்படுத்தும். அழுக்கு ஏறுவதைக் குறைக்கும். கரையானையும் மரத்தைத் துளைக்கும் வண்டையும் அது தடுக்காது. எனவே மண்ணில் ஊன்றிய வேலிக்கால், தொழுவத் தூண் ஆகியவற்றிற்கு மெழுகு பூசுவது வீண் செலவு. அங்கே வைரம் பாய்ந்த மரமே காப்பு.

நமக்குத் தெரிய வேண்டிய மெழுகுகள் மூன்று. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். சித்திரை வெயிலில் அதற்கு முன்பே இளகித் தூசியைப் பிடிக்கும். ஆகவே மெல்லியதாகவே பூச வேண்டும். மெழுகுவர்த்திக்குப் பயன்படும் பாரபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது, மலிவானது, கை பட்டால் விரைவில் தேயும். பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். வீட்டு மேசை, நாற்காலிக்கு அது ஏற்றது. பண்ணைக் கருவிகளுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

மலைவேம்பு, தேக்கு வெட்டுவோருக்குப் பாரபின் போதும். மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டு முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனைகள் வெடிப்பதன் காரணம் இதுவே. வெட்டியவுடன் இரு முனைகளிலும் உருக்கிய பாரபினைத் தடிப்பாகப் பூசினால் வெடிப்பு குறையும். ஓர் அடி வெடித்தாலும் விலையில் நட்டம் விவசாயிக்கே.

கருவிக் காம்பு நன்கு காய்ந்திருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை இரண்டு முறை பூசவும். ஒவ்வொரு முறையும் மிகுதியைத் துடைத்துச் சில நாட்கள் காயவிடவும். பிறகு ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு ஆளிவிதை எண்ணெயில் உருக்கி, ஆறிய களிம்பைத் துணியால் தேய்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்தால் கையில் சிராய் ஏறாது.

பொள்ளாச்சி, உடுமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் தேனீப் பெட்டி வைத்திருப்போர் இதே களிம்பைப் பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும் பூசலாம். உள்பக்கம் எதுவும் பூசக்கூடாது. பூச்சிகளைக் கொல்லும் மரக்காப்பு மருந்து தேனீயையும் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். வாசனை போக நன்கு காய்ந்த பிறகே தேனீக்களைக் குடியேற்ற வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் சுமார் 150 டிகிரி சூட்டிலுள்ள பாரபினில் பெட்டியை முக்கி எடுக்கிறார்கள். அதற்கெனத் தனித் தொட்டிகள் அங்கு உண்டு. வீட்டு அடுப்பில் அதை முயல்வது ஆபத்து.

மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்தே உருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். அதை வெளியில் விரித்துக் காயப்போடவும்.

தேனை எடுத்துவிட்டுப் பழைய அடையைத் தோப்பிலேயே எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எறிந்த அடையில் மெழுகுப் பூச்சி பெருகி, அடுத்த பெட்டிக்குள் புகும். அதே அடையை உடனே வெந்நீரில் உருக்கி வடிகட்டினால் ஆண்டு முழுவதும் காம்புகளுக்கும் பெட்டிகளுக்கும் வேண்டிய மெழுகு கிடைக்கும். தேனீ வளர்க்கும் விவசாயி மெழுகை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை.