கங்கையின் அடியில் சில சாட்சிகள்

"களனி கங்கையில புழு பூச்சியெல்லாம் இன்னும் இருக்குத்தானே மகள், பிறகென்ன மாசு?" என்று வாப்பா ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனை உயிர்கள் என்பதைவிட, எந்த உயிர்கள் என்று கேட்பதே சரி என்பது என் கருத்து.

ஆற்றின் அடியில் கற்களின் கீழும் மணலிலும் சேற்றிலும் பல முள்ளந்தண்டிலிகள் வாழ்கின்றன. மேஃபிளை பூச்சியின் அணங்குகளுக்கு நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் நிறையத் தேவை. வடிகான் வழியே சேதனக் கழிவு சேரும்போது, அதைப் பிரிகையடையச் செய்யும் பற்றீரியாக்கள் அந்த ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. மீன் நீந்தித் தப்பலாம். கல்லைப் பற்றி வாழும் அணங்கு எங்கே போகும்? அது மடிய, குறைந்த ஒட்சிசனிலும் வாழக்கூடிய இரத்தப்புழுக்களும் ரியூபிபெக்ஸ் புழுக்களும் அங்கே பெருகுகின்றன. ஈமோகுளோபினே அவற்றுக்குச் சிவப்பு நிறத்தைத் தருகிறது. ஒரு பிடிச் சேற்றில் இவை மட்டும் நெளிந்தால் அது வளமல்ல, நோயின் அறிகுறி.

போத்தலில் எடுத்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலையில் கடந்து போயிருக்கும். அடியில் வாழும் உயிர்களோ வாரக்கணக்கில் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் அனுபவித்தவை. எனவே இரசாயனப் பரிசோதனையோடு இவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு வலை, வெள்ளைத் தட்டு, கைவில்லை இருந்தால், ஆசிரியரின் துணையோடு உயர்தர மாணவியரான நாமே இதனைத் தொடங்கலாம்.

தொழிற்சாலைகளை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கவும் முடியாது. பொரித்த எண்ணெயைக் கானில் ஊற்றுகிறோம். உழ்ஹிய்யா நாட்களில் இரத்தமும் குடலும் கானுக்குள் கழுவிவிடப்படுவதை நானே கண்டிருக்கிறேன். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். ஓர் இபாதத்தின் கழிவு அல்லாஹ்வின் மற்றொரு படைப்பின் மூச்சை நிறுத்தலாமா? குழி தோண்டிப் புதைக்க ஒரு மண்வெட்டி போதுமே.

சுமார் 145 கிலோமீற்றர் ஓடும் களனி கங்கையின் நீர்தான் அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு வீடுகளின் குழாய்களுக்கு வருகிறது. அந்நீரில்தான் பலர் வுழூச் செய்கிறோம், நோன்பு திறக்கிறோம். மேலே உள்ளவர் விடும் கழிவு கீழே உள்ளவரின் குடிநீரில் கலக்கிறது.

வாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ இந்த முறை பெருநாளைக்குக் குழியை முதலே வெட்டி வைப்போம்" என்றார். எல்லா வீடுகளிலும் இப்படியொரு குழி வெட்டப்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.