குளிரில் சாகும் மந்தை... கோடையில் இருக்கிறது காரணம்!

கேள்வி: ‘‘கடலே இல்லாத மங்கோலியாவில், குளிர்காலத்தில் ஆடு, மாடுகள் லட்சக்கணக்கில் இறக்கின்றனவாமே... குளிர் மட்டும்தான் காரணமா?’’

பதில்: இல்லை. கடல் அருகில் இருந்தால் வெயிலையும் குளிரையும் மட்டுப்படுத்தும். மங்கோலியாவுக்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு மேட்டு நிலம் வேறு. தலைநகர் உலான்பாட்டரில் ஜூலை மாதப் பகலில் 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் வெப்பநிலை, ஜனவரி இரவுகளில் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும்.

அங்குள்ள ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் இதற்குப் பழகியவைதான். ஆனால், குளிரைத் தாங்க உடம்பில் கொழுப்பு வேண்டும். அங்கே கோடைதான் மழைக்காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் மழையில் வளரும் புல்தான் கொழுப்பாகச் சேர்கிறது. மழை பொய்த்தால், கால்நடைகள் மெலிந்தே குளிர்காலத்துக்குள் நுழையும். இருப்பு வைக்கப் புல்லும் இருக்காது. அதன்மேல் கடும்பனியும் மூடினால் பட்டினிச் சாவுதான். இதை ‘ட்ஸுட்’ என்கிறார்கள். பனி உருகி மீண்டும் உறைந்து, குளம்பால் கிளற முடியாதபடி இறுகிவிட்டால், அது ‘இரும்பு ட்ஸுட்’.

2009-ல் கோடை வறட்சி. அடுத்து வந்த குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் இறந்தன. நாட்டில் இருந்தவற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மந்தையை இழந்த பல குடும்பங்கள் பிழைப்புத் தேடித் தலைநகருக்குப் போயின.

அதனால்தான் அங்குள்ள மேய்ப்பர்கள் கோடையிலேயே புல்லை அறுத்து உலர்த்தி வைக்கிறார்கள். தேறாத கால்நடைகளைப் பனி விழும் முன்பே கழித்துவிடுகிறார்கள். தீவனம் இல்லையென்று தெரிந்த பிறகும் மந்தையைக் குறைக்காமல் வைத்திருந்தால், நல்ல கால்நடைகளும் சேர்ந்தே போய்விடும்.