பழைய கணிப்பொறிக்குப் புதிய நினைவகம்



பொத்தானை அழுத்திவிட்டு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளதே என்று வீட்டுக் கணிப்பொறியைக் குறை கூறுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் அதன் மூளையில் இல்லை. நினைவுப் பெட்டியாகிய ஹார்டு டிஸ்கில்தான் உள்ளது. அதனை அகற்றி எஸ்.எஸ்.டி. என்னும் நினைவகத்தைப் பொருத்தினால் பழைய கணிப்பொறியும் புத்துயிர் பெறும். ஆயினும் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. புதிய கருவியின் இயல்பறிந்து, கணிப்பொறியை ஆளுகின்ற இயங்குதளத்தை அதற்கேற்ப அமைத்தல் வேண்டும்.

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அதனை அறிமுகம் செய்தது. இன்றைய வீட்டுக் கணிப்பொறிகளில் அத்தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, ஒரு நுண்முனை அங்குமிங்கும் நகர்ந்து செய்திகளைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. இதில் செய்திகள் நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகத் தங்குகின்றன.

இவ்வறைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எழுதியதன்மேல் மீண்டும் எழுத இயலாது. முதலில் துடைத்தாக வேண்டும். எழுதுவது பக்கம் பக்கமாக. துடைப்பதோ பல பக்கங்கள் அடங்கிய தொகுதி முழுவதையும் ஒருசேர. ஒவ்வொரு துடைப்பும் அறைகளைச் சிறிது தேய்க்கிறது. நாம் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் யாவும் இந்த இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, இயங்குதளத்தை நிறுவுமுன் பயாஸ் அமைப்பில் சேட்டா இணைப்பு 'ஏ.ஹெச்.சி.ஐ.' முறையில் உள்ளதா எனக் காண்க. நிறுவிய பின்னர் அதனை மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, 'டிரிம்' என்னும் கட்டளை செயற்படுதல் வேண்டும். நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது இயங்குதளம் தன் அட்டவணையில் மட்டுமே அதனை நீக்குகிறது. அவ்விடம் இனித் தேவையில்லை என்பதை நினைவகம் அறியாது. அதனை அறிவிப்பதே டிரிம். 2009இல் வெளியான விண்டோஸ் 7 முதல் இவ்வசதி உண்டு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்னும் பகுதியைத் திறந்து, நினைவகத்தின் வகை 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' எனக் குறிக்கப்பட்டுள்ளதா, வாரந்தோறும் பணி நடைபெறுகிறதா எனப் பார்த்தால் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. ஆதலால் விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணிப்பொறிகளில் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை நிறுவலாம். உபுண்டுவிலும் டிரிம் வாரம் ஒருமுறை தானே நடைபெறும்.

மூன்றாவது, சிதறிய கோப்புகளை ஒருங்கு சேர்க்கும் 'டிஃப்ராக்' என்னும் பழைய பணியை நாமாகச் செய்தல் வேண்டா. நகரும் முனை இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை, தேய்மானமே மிச்சம்.

நான்காவது, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கேனும் காலியாக இருக்கட்டும். நிரம்பி வழியும் நினைவகத்தில் துடைத்து எழுதும் வேலை பெருகி, வேகம் குறையும்.

தேய்மானத்தை எண்ணி மிகுதியாக அஞ்ச வேண்டியதில்லை. 500 ஜி.பி. கொள்ளளவுள்ள சாம்சங் 870 ஈவோ வகைக்கு, 5 ஆண்டுகள் அல்லது 300 டெராபைட் எழுதும் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் அவ்வளவை எட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. ஹார்டு டிஸ்கில் தவறுதலாக அழித்த கோப்பைத் தேர்ந்தவர்கள் பல வேளைகளில் மீட்டுத் தருவர். எழுத்து அங்கேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ குப்பைத் தொட்டியைக் காலி செய்து, டிரிம் கட்டளையும் சென்றுவிட்டால், நினைவகம் அவ்விடத்தைத் துடைத்துவிடும். மீட்பது ஏறத்தாழ இயலாத காரியம். வேகத்திற்குரிய அதே ஏற்பாடுதான் இழப்பை நிலையானதாக்குகிறது. மறைந்த பெற்றோரின் நிழற்படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அவ்வாறு மறைந்துபோனால் எந்த வேகம் அவற்றை ஈடுசெய்யும்?

ஆகவே மாற்றம் செய்யுமுன் அனைத்தையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதனை எறிந்துவிடாதீர்கள். யு.எஸ்.பி. உறையொன்றில் இட்டு, மாதம் ஒருமுறை படியெடுக்கப் பயன்படுத்தலாம். மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யில் மின்னூட்டம் கசிந்து செய்திகள் அழியக்கூடும் என்பதால், பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் பணிக்குப் பழைய தட்டே பொருத்தமானது. விரைந்து உழைக்கப் புதியது, காத்து வைக்கப் பழையது என இரண்டையும் இல்லத்தில் வைத்துக்கொள்வதே நலம்.