செவிவழிப் பொருளியல்

பொருளியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் பலரின் நினைவில் எழுவன, வளைகோடுகளும் பொருள் விளங்காத ஆங்கிலச் சொற்களுமே. ஆயினும் அத்துறை பேசும் செய்திகள் யாவும் அவர்தம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வனவே. விலை ஏறுகிறது, கூலி ஏற மறுக்கிறது, நகை அடகுக்குப் போகிறது, மகளின் திருமணத்திற்குக் கடன் வாங்கப்படுகிறது. இவற்றையெல்லாம் துய்த்தறிந்த பிள்ளைகள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் இவை தமக்குத் தெரியாதன போலத் திகைத்து நிற்கின்றனர். வாழ்க்கைக்கும் பாடத்திற்கும் இடையே இவ்வாறு ஒரு சுவர் எழுந்தது எவ்வாறு என்பது சிந்தித்தற்குரியது.

அச்சுவரில் ஒரு வாயில் இப்போது திறந்திருக்கிறது. பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியே அது. 2004-ஆம் ஆண்டில் பெயர் பெற்ற இவ்வடிவம், இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவருக்கும் எட்டுவதாகிவிட்டது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரஸ் ராபர்ட்ஸ் 2006 முதல் நடத்திவரும் 'எக்கான்டாக்', அந்நாட்டுப் பொது வானொலி 2008-இல் தொடங்கிய 'பிளானட் மணி', பிபிசி உலக சேவைக்காக டிம் ஹார்ஃபோர்டு 2016-இல் வழங்கத் தொடங்கிய தொடர் ஆகியவை பொருளியலின் அடிப்படைகளைக் கதைபோல் எடுத்துரைக்கின்றன. இந்தியில் 'புலியாபாஸி' அப்பணியைச் செய்கிறது. தமிழிலும் பொருளாதாரம் பேசும் உரைகள் இணையத்தில் பெருகிவருகின்றன.

இது குறித்து நம்மிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது. அதில் கல்வியைத் தேடுவது வீண் என்பார் ஒரு சாரார். இனி வகுப்பறையும் நூலும் எதற்கு, காதுக்கருவி ஒன்றே போதும் என்பார் மறுசாரார். இவ்விரண்டும் ஏற்கத்தக்கன அல்ல என்பதே நம் கருத்து.

கேட்டலின் மரபு

செவிவழிக் கல்வி நமக்குப் புதியதன்று. திருக்குறளில் 'கேள்வி' என்னும் 42-ஆம் அதிகாரத்தை வள்ளுவர் அமைத்த இடம் பொருட்பால் ஆகும். நூல்களைக் கல்லாதவனும் கேட்டேனும் அறிக என அவர் அறிவுறுத்துகிறார். இஸ்லாமிய மரபிலோ நபிமொழிகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, மனத்திலிருத்தி, கேட்டவர் யாவர் என்ற சங்கிலியோடு அடுத்தவர்க்குச் சொல்லப்பட்டவை. நம் ஊர்களில் சீறாப்புராண விரிவுரையை இரவெல்லாம் அமர்ந்து கேட்ட முதியோரில் எழுத்தறியாதாரும் இருந்தனர். அவர்கள் அறிவற்றவராய் இருந்ததில்லை.

உழைப்போர்க்குக் கேள்வி இன்னும் நெருங்கிய துணை. கைகள் வேலையில் இருக்கும்போதும் செவி ஓய்வாகவே இருக்கிறது. 1865-ஆம் ஆண்டு முதல் கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டு ஆலைகளில், தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் புதினமும் படித்துக் காட்டும் வழக்கம் தோன்றியது. கேரளத்தின் கண்ணூரில் 1969-இல் உருவான தினேஷ் பீடிக் கூட்டுறவின் கூடங்களிலும் நாளிதழ் உரக்கப் படிக்கப்பட்டது. பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த நம் நெல்லை, தென்காசி மாவட்டங்களில் இதன் பொருள் யாவர்க்கும் எளிதில் விளங்கும். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு வீட்டில் அமர்ந்து பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு, மீண்டும் கல்வியைத் தொடும் வாய்ப்பு செவிவழியாகவே முதலில் வரக்கூடும்.

வானொலி தந்த படிப்பினை

ஆயினும் கேட்பது வேறு, கற்பது வேறு. இவ்வேறுபாட்டை நம் நாடே சோதித்து அறிந்திருக்கிறது. 1956-இல் யுனெஸ்கோவின் துணையோடு, புனே வானொலி நிலையத்தின் வழி 150 சிற்றூர்களில் 'வானொலி உழவர் மன்றங்கள்' அமைக்கப்பட்டன. ஊரார் ஒன்றுகூடி அரைமணி நேர நிகழ்ச்சியைக் கேட்டனர், கேட்டபின் கலந்துபேசினர், தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதினர். ஆய்வின் முடிவில், மன்றம் இயங்கிய ஊர்களில் அறிவு வளர்ச்சி மிகுந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. பெட்டி ஒன்றேதான், ஒலி ஒன்றேதான். வேறுபாட்டை விளைவித்தது உரையாடலே.

தமிழகத்தில் 1960களின் நடுப்பகுதியில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்வகையைத் தஞ்சை உழவர் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். திருச்சி வானொலி அதனை அவர்தம் மொழியில், அவர்தம் வயலை முன்வைத்து எடுத்துரைத்ததே அதற்குக் காரணம். வேளாண்மைக்கு இயன்றது பொருளியலுக்கு இயலாது போகுமோ?

தீப்பெட்டி கற்பிக்கும் பாடம்

அயல்நாட்டு வலையொலிகள் சிறந்தவையே. ஆனால் அவை கூறும் உதாரணங்கள் அவர்தம் ஊர்க் கடைகளிலிருந்தும் வீட்டு வாடகையிலிருந்தும் எடுக்கப்பட்டவை. சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடம் போன்ற கரிசல் பூமியில் பிறந்த மாணவனுக்கு அவை இரண்டாவது அயன்மொழியாக ஆகிவிடுகின்றன. அவனுக்கு வேண்டுவது அவன் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் பொருளியல். தீப்பெட்டியை எடுத்துக்கொள்வோம்.

2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 14 ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆயிற்று. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை முதலிய மூலப்பொருள்களின் விலையேற்றமே காரணம் என உற்பத்தியாளர் கூறினர். இஃது உற்பத்திச் செலவு பற்றிய பாடம். அவ்வாறாயின் ஒன்றேகால் ரூபாயாக ஏன் உயர்த்தவில்லை? 25 காசு நாணயம் 2011 ஜூன் 30-உடன் செல்லாததாகிவிட்டது. 50 காசு சட்டப்படி செல்லுமெனினும் கடைகளில் காண்பது அரிது. சில்லறை இல்லாத நாட்டில் சிறு பொருளின் விலை படிப்படியாக ஏறுவதில்லை. நீண்டகாலம் நின்று, பின் தாவுகிறது. இது பணம் பற்றிய பாடம்.

விலை இருமடங்கானபோதும் அடுப்பெரிப்போர் தீப்பெட்டி வாங்குவதை நிறுத்திவிடவில்லை. மாதச் செலவில் அதன் பங்கு மிகச் சிறிது. இதுவே தேவை நெகிழ்ச்சி என்னும் கருத்தின் உயிர். ஆனால் மாற்றுப்பொருள் ஒன்று வருமாயின் நிலை மாறும். மலிவான நெகிழி லைட்டர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்தபோது தீப்பெட்டித் தொழில் தளர்ந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புடைய லைட்டர்களை ஒன்றிய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. அத்தடையால் ஆலையில் பணிபுரியும் பெண்களின் வேலை காக்கப்படலாம்; மலிவான பொருளை வாங்கியவர்க்கு இழப்பும் நேரலாம். யாருடைய நன்மையை எவ்வளவு மதிப்பது? பொருளியலின் மிகப் பழைய வினா, இரண்டு ரூபாய்ப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது.

இதனை எளிய தமிழில் பதினைந்து நிமிட உரையாக ஒலிப்பதிவு செய்தால், ஆலைத் தொழிலாளியின் மகன் அதனைக் கேட்டுத் தன் தாயிடம் நான்கு கேள்விகள் கேட்பான். அத்தாயும் அவனுக்குப் பேராசிரியராவாள்.

செவியால் இயலாதது

செவிக்கும் எல்லை உண்டு. தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் காதால் வரைய இயலாது. ஒலி நில்லாது ஓடுவது. எண்ணோ நின்று நோக்க வேண்டுவது. இதற்குச் சான்று தொலைவில் இல்லை. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாக ஆசை காட்டி, ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாக ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது 2022-இல் வழக்குத் தொடரப்பட்டதை நாடறியும். இத்தகைய வாக்குறுதியைக் காதால் கேட்கும்போது இனிக்கிறது. ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டால், மாதம் 30 விழுக்காடு கூட்டு வளர்ச்சியில் ஓர் இலட்சம் ரூபாய் ஓராண்டில் 23 இலட்சத்தைத் தாண்டும் என்பது தெரியவரும். எந்த நேர்மையான வணிகம் இதனைத் தரும் என்ற வினா அப்போதே எழும். அந்த ஒரு தாள் எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கும்!

இணையத்தில் பொருளாதாரம் பேசுவோர் அனைவரும் ஆசிரியர் அல்லர். சிலர் பங்கு விற்போர். சிலர் தம் பயிற்சி வகுப்பை விற்போர். பதிவு பெறாத இத்தகைய அறிவுரையாளரோடு பதிவு பெற்ற நிறுவனங்கள் தொடர்பு கொள்ளலாகாது என 2024-இல் செபி அமைப்பு விதி வகுத்தது. விதி இருப்பினும் கேட்பவன் கையில் உரைகல் வேண்டும். சொல்பவர் யாவர், அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று நோக்குதல், நபிமொழியை அறிவித்தவரின் நேர்மையை ஆராய்ந்த மரபினர்க்குக் கற்பிக்க வேண்டியதோ?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கப் பணிப்பதாகும். ஓதுதலைப் போற்றும் வேதமே, பொருள் தொடர்பான இடத்தில் எழுத்தையும் சாட்சியையும் வலியுறுத்துவது ஆழ்ந்து எண்ணத்தக்கது. வட்டி நமக்கு விலக்கப்பட்டது. எனவே அதனைப் பற்றிய பாடம் எதற்கு எனச் சில பெரியோர் கருதலாம். விலக்கப்பட்டதை விலக்குதற்கும் அதனை இன்னதென அறிதல் வேண்டும். 1377-இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், தொழிற்பகிர்வையும், வரிவிகிதம் மிகுந்தால் வருவாய் குன்றுவதையும் ஆராய்ந்தவர். ஆதலின் பொருளியல் நம் முன்னோர்க்கு அயலான துறையன்று.

செய்யத்தக்கவை

இப்பணி பொருளியல் துறைக்கு மட்டுமே உரியது அன்று; தமிழ்த்துறைக்கும் உரியது. பொருளியல் ஆசிரியர் கருத்தைத் தரட்டும். தமிழ் மாணவர் அதனைச் செவிக்கினிய உரையாக்கட்டும். அளிப்பு, பணவீக்கம், வாய்ப்புச் செலவு என்னும் சொற்கள் வழங்கப்பட்டாலன்றி உயிர் பெறா. வாரம் ஓர் ஒலிப்பதிவு. அதனைக் கூடிக் கேட்க ஒரு மன்றம். கேட்டதைத் தம் ஊர் விலைகளோடு ஒப்பிட்டு எழுத ஒரு குறிப்பேடு. இம்மூன்றும் போதும். கருவிக்கு ஒரு கைப்பேசியும், கூடுதற்கு ஓர் அறையும் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன.

ஊர்ப் பெரியோர்க்கும் இதில் பங்கு உண்டு. நாற்பது ஆண்டுகள் பருத்தி வாங்கி விற்ற ஒரு வணிகரின் அனுபவம் எந்த நூலிலும் இல்லை. அவர் குரலைப் பதிவு செய்து வைப்பது, அறிவை அறமாக வழங்குவதற்கு ஒப்பாகும்.

முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகள், பொருளாதாரம் என்பது பெரிய மனிதர் பேசும் பேச்சு என எண்ணி ஒதுங்கிவிடலாகாது. தம் வீட்டின் வரவும் செலவும், தம் தாயின் கூலியும், தம் நாட்டின் கொள்கையோடு பிணைந்தவை என அவர்கள் உணர்தல் வேண்டும். செவி அதற்கு வாயில். உரையாடல் அதன் கூடம். எழுத்தும் கணக்கும் அதன் அடித்தளம். இம்மூன்றையும் இணைத்து எழுப்புவோமாயின், ஏமாற்றப்படாத, எண்ணித் துணியும் ஒரு தலைமுறை நம் கரிசல் மண்ணிலிருந்து எழும். அதற்கு இறைவன் அருள்புரிவானாக!